கண்டதை எழுதும் துணிவு

பள்ளி நாள்களில் செய்த ஊசல் சோதனை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். சென்டிமீட்டர் அளவில் விடை 980-ஐ ஒட்டி வரவேண்டும் என்பதை முன்னரே அறிந்திருந்தோம். 910 என்று வந்தபோது நாம் என்ன செய்தோம்? மீண்டும் ஊசலை ஆட்டிப் பார்க்கவில்லை. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, காணாத நேரத்தைக் கண்டதாகப் பதிவேட்டில் எழுதினோம். ஆசிரியர் கையொப்பமிட்டார். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

அதைப் பொய் என்று அன்று எவரும் சொல்லவில்லை. பொய்யாமையை நன்னெறி வகுப்பில் கற்ற நாமே, அடுத்த பாடவேளையில் அறிவியல் கூடத்தில் பொய்யைப் பழகினோம். இதனைச் சிறு பிழையென்று ஒதுக்கிவிடலாமா?

இவ்வினாவை எண்ணும்போது மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு முயற்சி நம் கண்முன் வருகிறது. இன்று நர்மதாபுரம் என வழங்கும் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டு, கிஷோர் பாரதி என்னும் தன்னார்வ அமைப்பும் ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை வழியாகக் கற்பிக்கத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பின்னர் அப்பணியை ஏற்று நடத்தியது.

அங்கே பிள்ளைகள் நால்வர் நால்வராய்க் கூடிச் சோதனை செய்தனர். பாடநூலில் சோதனைகளும் வினாக்களும் இருந்தன. மனப்பாடம் செய்வதற்குரிய விடைகள் இல்லை. நூலைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினர். ஐயங்களைச் சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர். அவர் பெயரில் பதிலும் வந்தது. ஆசிரியரும் 'எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்' என்று நாணமின்றிச் சொல்ல அங்கே இடமிருந்தது.

'பிள்ளை கண்டதெல்லாம் உண்மையாகிவிடுமா? கண்ணும் கையும் தவறுமே!' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கண்டதை எழுதுவது உண்மையின் முடிவன்று, அதன் தொடக்கம். ஒரு குழுவின் அளவை மற்றக் குழுக்களின் அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைத் தேடி, வேண்டுமாயின் மீண்டும் செய்து பார்ப்பதே அம்முறை. நேர்மையாக எழுதப்பட்ட தவற்றைத் திருத்திவிடலாம். திருட்டுத்தனமாக எழுதப்பட்ட சரியான விடையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, கற்பதற்கும் ஒன்றுமில்லை.

சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டிய அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. ஆயினும் அது எழுப்பிய வினாவை எந்த ஆணையும் நிறுத்த இயலாது. நாம் பிள்ளைகளிடம் உண்மையை எதிர்பார்க்கிறோமா, அல்லது நமக்கு உவப்பான விடையை எதிர்பார்க்கிறோமா?

காணாததைக் கண்டதாக எழுதிப் பழகிய கை, வளர்ந்தபின் அலுவலகக் கோப்பிலும் கணக்கேட்டிலும் தயங்குமா? பழக்கம் அறிவியல் கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை.

ஆகவே, பெற்றோராயினும் ஆசிரியராயினும், 910 என்று எழுதிய ஏட்டோடு ஒரு பிள்ளை நம்முன் வந்து நின்றால், உடனே சிவப்பு மையைத் தேட வேண்டாம். 'நீ கண்டது இதுதானா?' என்று முதலில் கேட்போம். 'ஆம்' என்றால், அத்துணிவைப் பாராட்டுவோம். பிறகு அப்பிள்ளையோடு அமர்ந்து ஊசலை மீண்டும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்போம். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே.