ஓய்வு யாருக்கு உரியது?

மனிதன் தனக்கென்று துய்க்கும் சிறிய இன்பத்துக்காகச் சமுதாயத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டுமா? வினா பழையது. ஆயினும், அண்மையில் கரவெட்டியில் எமது பழைய மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அது புதிய கோலத்தில் எம்முன் வந்து நின்றது.

பகலில் ஒரு கடையிலே கணக்கெழுதும் அவ்விளைஞன், இரவிலே கணினியோடு வாழ்பவன். பிறர் கழித்துவிட்ட பழைய கணினியொன்றை வாங்கி, தூசி துடைத்து, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதற்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறான். விசைப்பலகையின் ஓசை எவ்வாறு இருத்தல் வேண்டும், தமிழைத் தட்டெழுதப் பாமினி முறை சிறந்ததா தமிழ்99 சிறந்ததா என்பவற்றிலெல்லாம் அவனுக்கு அசையாத கொள்கைகள் உண்டு.

அவனுடைய பெருமகிழ்ச்சி வேறொன்று. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தமையே காரணம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு அவன் தானே ஒரு நிரல் எழுதியிருக்கிறான். 'கொ' என்ற எழுத்தைக் காட்டி அவன் விளக்கினான். பாமினியில் முதலிற் கொம்பு, பின்பு ககரம், இறுதியிற் கால். கை எழுதும் வரிசை அது. ஒருங்குறியிலோ ககரம் முன்னே, ஒகரக் குறி பின்னே. மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நாம் இலக்கண வகுப்பிற் சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது என்று கூறிச் சிரித்தான்.

"இத்தகைய மாற்றிகள் முன்னரே உண்டே, தம்பி. மறுபடியும் எழுதியதால் என்ன பயன்?" என்றோம்.

"பயன் எண்டு ஒண்டும் இல்லை, சேர். செய்யேக்கை ஒரு சந்தோசம்."

அவனுக்காக வழக்காட எமக்கு முதலில் தோன்றிய வழி, பயனைக் காட்டுவதே. 1991 இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஒரு பொழுதுபோக்கு என்றே அறிவித்தார். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் சேமிப்பதற்கென 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் ஓய்வுப் பொழுதிலே வளர்ந்தவை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மண்ணிலே இவற்றின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், இவ்வழக்கு நேர்மையானதன்று. பயன் விளைந்ததால் ஓய்வு நியாயமாயிற்று என்று சொல்வோமாயின், பயன் விளையாத ஓய்வு குற்றமாகிவிடும். 1886 மே மாதத்திற் சிக்காகோவின் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாளுக்காகப் போராடியபோது, மிஞ்சும் நேரத்தை நற்பணியிலேயே செலவிடுவோம் என்று எவருக்கும் வாக்களிக்கவில்லை. அது தமக்கு உரியது என்றார்கள், அவ்வளவே. மார்க்சின் மருமகன் போல் லஃபார்க், உழைப்பைத் தெய்வமாக்கும் மனப்பாங்கைச் சாடிச் சோம்பலுக்கும் உரிமை கோரினார். எம்மூரையே பாருங்கள். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்போது மிதிவண்டியின் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டவர்கள் செய்தியை மட்டுமா கேட்டார்கள்? பாட்டும் கேட்டார்கள். போரின் நடுவிலும் மனிதன் மனிதனாக இருந்ததற்கு அது சான்று.

ஆகவே எமது மாணவன் எவருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை என்ற முடிவோடு எழுந்தோம். அப்போதுதான் அடுக்களையிலிருந்து பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. இரவு ஒன்பது மணி. கழுவிக்கொண்டிருந்தவள் அவனுடைய தங்கை. அவளும் எமது மாணவியே. பாடசாலையில் அண்ணனைப் போலவே கணினிப் பாடம் பயின்றவள். இப்போது அவளும் பகலில் வேலைக்குச் செல்பவள். மாலையில் வீடு திரும்பியதும் அவளுக்கு இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. நாம் அருந்திய தேநீரும் அவ்வேலையின் ஒரு பகுதியே.

அண்ணனின் இன்பம் குற்றமன்று. அவ்வின்பத்துக்கான நேரம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் இருப்பதே குற்றம். எட்டு மணி நேர வேலைநாளைத் தொழிற்சாலையின் வாயிலில் வென்ற மனித குலம், அதனை அடுக்களையின் வாயிலில் இன்னும் வெல்லவில்லை. தமையனின் பொழுதுபோக்கைப் பறிப்பது இதற்குத் தீர்வாகாது. பாத்திரங்களைப் பங்கிட்டால் அரைமணி நேரத்தில் இருவரும் ஓய்வு பெறுவர். அதன்பின் தங்கை கணினியின் முன் அமரலாம். கதைப் புத்தகம் படிக்கலாம். ஒன்றும் செய்யாமல் முற்றத்திலே நிலவைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அவளிடமும் பயன் என்னவென்று கேட்க எமக்கு உரிமையில்லை.

இதை அவனிடம் சொன்னோம். அவன் சற்றே வெட்கத்தோடு அடுக்களைப் பக்கம் பார்த்தான். அறிவுரை சொல்வது ஆசிரியருக்கு எளிது. இக்கட்டுரையை எழுதும் இவ்விரவிலும் எமது மேசைக்குத் தேநீர் வந்தது. அதைக் கொண்டுவந்தவருக்கு இன்று எத்தனை நாழிகை சொந்தமாக இருந்தது என்று நாம் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, முதலில் அதைக் கேட்கப் போகின்றோம்.