ஆபிராம் விட்டுக்கொடுத்த நிலம்



இன்றைய முதல் வாசகம் தொடக்க நூலின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கப்பட்டது. ஆபிராமும் அவருடைய சகோதரர் மகன் லோத்தும் பெத்தேலுக்கும் ஆயிக்கும் இடையே கூடாரமடித்திருக்கிறார்கள். இருவருக்கும் மந்தைகள் ஏராளம். இருவருக்கும் வேண்டியது ஒரே புல், ஒரே தண்ணீர். நிலம் போதவில்லை, மேய்ப்பர்கள் சண்டையிடுகிறார்கள். பகையாளிக்கும் பகையாளிக்கும் வந்த சண்டையா இது? ஒரே இரத்தம், ஒரே தொழில், அதனால்தான் வந்தது.

ஆண்டவரின் படைப்பிலும் இதைக் காண்கிறோம். நெருங்கிய உறவுள்ள உயிரினங்களுக்கிடையே போட்டி பெரும்பாலும் கடுமையாக இருக்கும் என்று சார்லஸ் டார்வின் 1859-இல் எழுதினார். ஒரே மூதாதையிடமிருந்து அண்மையில் பிரிந்த தாவரங்களுக்கு வேரும் இலையும் பல வேளைகளில் ஒத்திருக்கும். அவை ஒரே ஈரத்தையும் ஒரே ஒளியையும் நாடும். ஒரே பூச்சிக்கும் ஒரே பூஞ்சைக்கும் இரையாகும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளரும் 17 வகை ஓக் மரங்களை ஜெனீன் கேவண்டர்-பேர்ஸ் என்ற அறிவியலாளர் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டார். சிவப்பு ஓக், வெள்ளை ஓக், லைவ் ஓக் என அவை மூன்று கிளைகளைச் சேர்ந்தவை. ஒரே கிளையின் நெருங்கிய உறவுகள் ஒரே இடத்தில் சேர்ந்து வளர்வது அரிதாகவே இருந்தது. வறண்ட மணற்புதர்க் காட்டில் அருகருகே நிற்கும் மிர்ட்டில் ஓக், சாப்மன் ஓக், மணல் லைவ் ஓக் ஆகிய மூன்றும் கிளைக்கு ஒன்றாக அமைந்தவை. அவற்றின் நெருங்கிய சொந்தங்களுக்கு வேறு மண், வேறு ஈரம். இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பும் உண்டு. ஓக் மரங்களைத் தாக்கும் வாடல் நோய், நிலத்துக்கடியில் ஒட்டிப் பிணைந்த வேர்கள் வழியாகவும் பரவுகிறது. சிவப்பு ஓக் சில வாரங்களிலேயே பட்டுவிடும். வெள்ளை ஓக் பெரும்பாலும் தாங்கி நிற்கும். பல கிளைகள் கலந்து நிற்கும் காடு ஒரே நோயில் வெறுமையாகிவிடாது.

மரங்கள் இப்படி நெருங்கிய உறவுகளை விட்டுப் பிரிந்து நிற்பதைத் தீர்மானித்துச் செய்வதில்லை. ஆபிராம் தீர்மானித்துச் செய்தார். அவர் மூத்தவர், வாக்குறுதி பெற்றவர். தமக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தேர்ந்துகொள்ளும் உரிமையை இளையவனிடம் கொடுத்தார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். அப்படியும் உறவு அறுபடவில்லை. அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்பட்டபோது, தம் வீட்டில் பிறந்த 318 ஆள்களுடன் விரைந்து சென்று மீட்டவர் இதே ஆபிராம்தான்.

இறைமக்களே, நம் வீடுகளில் மனம் எங்கே முறிகிறது? பாகப்பிரிவினையில், ஒரே தெருவில் நடத்தும் ஒரே வியாபாரத்தில், ஒரே அன்பியத்தில் வகிக்க விரும்பும் ஒரே பொறுப்பில். நெருங்கியவரோடு உரசல் எழுவதே பாவம் என்று நினைத்து மனம் உடைந்துபோக வேண்டாம். இருவருக்கும் ஒரே தேவை இருந்தால் உரசல் வரும். அதைப் பகையாக வளர விடுவதே பாவம். விட்டுக்கொடுப்பவன் தோற்றான் என்று உலகம் சொல்லும். ஆனால் லோத்து பிரிந்துபோன பிறகுதான் ஆண்டவர் ஆபிராமிடம் நாற்றிசையும் பார்க்கச் சொல்லி, அந்த நாட்டையெல்லாம் தருவதாக வாக்களித்தார். நமக்காகத் தம் மாட்சியை விட்டு இறங்கி வந்த இயேசு சென்ற வழியும் இதுவே.

ஆகவே பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனிடமோ தங்கையிடமோ இந்த வாரமே போங்கள். முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். பிரிந்து வாழ நேர்ந்தாலும், அவர்களுக்கு ஆபத்து என்றால் முதலில் ஓடி நிற்பவர் நீங்களாக இருங்கள். அதற்கான மனத்தை இத்திருப்பலியில் இறைவனிடம் கேட்போம். ஆமென்.