கண்மலர்

கண்ணில் கோளாறு என்றால் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டரெல்லாம் அப்புறம்தான். எனக்குக் கண்ணாடி போட்ட வருஷம் அப்பத்தா வெள்ளியில் ஒரு ஜோடி வாங்கிச் செலுத்தினாள். "எம் பேரனுக்கு நல்லது கெட்டது தெரியிற கண்ணக் குடு தாயி" என்று வேண்டினாளாம். பவர் குறையவில்லை.

இந்திரலால் ராயைப் பற்றிப் படித்தபோது அந்தக் கண்மலர் ஞாபகம் வந்தது. 1898-ல் கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். முதல் உலகப்போரில் விமானியாகச் சேரப் போனவரை, பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை விற்ற காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அவர் சொல்லின் பேரில் உள்ளே நுழைந்தார் என்பார்கள். 1918 ஜூலையில், இரண்டு வாரத்துக்குள் 10 ஜெர்மன் விமானங்கள் அவர் கணக்கில் ஏறின. அதே மாதம் 22-ம் தேதி பிரான்ஸில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. டி.எஃப்.சி. பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். மறுநாள் பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் விமானங்கள் வந்து ஜனங்கள்மேல் குண்டு போட்டன, மெஷின் கன்னால் சுட்டன. வந்தது ராயல் ஏர் ஃபோர்ஸ். ராய் உயிரைக் கொடுத்த அதே படை. அவர் செத்து ஒன்பது மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிழைத்திருந்து, அங்கே அனுப்பப்பட்டிருந்தால்?

செத்துப்போன பையனிடம் இப்படிக் கேட்பது நியாயமில்லை, தெரியும். அவர் வளர்ந்த ஊருக்காகப் போனார். பயப்படவில்லை. அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் தைரியம் மட்டும் எந்தப் பக்கம் சரி என்று சொல்லிவிடாது. இரண்டாம் உலகப்போரில், 1944-ல் இம்பாலைக் காத்துப் பறந்த அர்ஜன் சிங்குக்கும் டி.எஃப்.சி. கொடுத்தார்கள். எதிரே ஜப்பானியரோடு நின்றது ஐ.என்.ஏ. மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை. இரண்டு பக்கமும் 'தேசத்துக்காக' என்றுதான் நம்பினார்கள். பதக்கம் கொடுக்கிறவர் எவ்வளவு நன்றாகச் சண்டை போட்டாய் என்று பார்க்கிறார். எதற்காக என்பதைப் போட்டவன்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் எங்கள் டீமுக்கு ஆபீஸில் ஒரு விருது கிடைத்தது. ஓடுகிற பொருளைக் கேமரா விடாமல் பின்தொடர வைக்கும் சாஃப்ட்வேர். பொருள் என்றால் என்ன? காரா, மாடா, மனுஷனா? நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேலை அவ்வளவு சுவாரசியம்.

கேடயத்தை ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பத்தா அதைத் தடவிப் பார்த்தாள்.

"எதுக்குய்யா குடுத்தாக?"

"நல்லா வேல பாத்ததுக்கு அப்பத்தா."

"அதான், என்ன வேல?"

ஊரிலிருந்து திரும்பியதும் மேனேஜரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் காத்திருக்கிறேன். சம்பளமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.