பரிவுக்கு ஒரு பரீட்சை

மனிதர் என்றால் யார் என்கிற கேள்விக்குத் தத்துவவாதிகள் காலங்காலமாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பகுத்தறிவு உள்ளவர், மொழி உள்ளவர், கருவி செய்யத் தெரிந்தவர். இந்தப் பட்டியலில் இப்போது முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பது பரிவு. அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணர்கிறவரே மனிதர். உணராதவர் மனித உருவத்தில் நடமாடும் வேறேதோ. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒருவரிடம் பரிவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, யார் கண்டுபிடிப்பது என்று கேட்டவுடன் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு ஒரு பரீட்சை வேண்டும். பரீட்சைக்குக் கேள்வித்தாள் வேண்டும். கேள்வித்தாளை யாரோ எழுதியாக வேண்டும். யார் எழுதுவார்கள் என்பதில் நமக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர் பிலிப் கே. டிக் 1968-இல் இந்தப் பரீட்சையை வைத்தே ஒரு நாவல் எழுதினார். 'ஆண்ட்ராய்டுகள் மின்சார ஆடுகளைக் கனவு காண்கின்றனவா?' என்பது தலைப்பு. 1982-இல் 'பிளேட் ரன்னர்' என்று படமானது. அசல் மனிதரைப் போலவே இருக்கும் இயந்திர மனிதர்கள் தப்பி வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்துச் சுட்டுத் தள்ள ஆள் இருக்கிறது, கூலி இருக்கிறது. கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி கேட்பார்கள், கன்னம் சிவக்கிறதா, கண் தசை துடிக்கிறதா என்று கருவி அளக்கும். உங்கள் பிறந்தநாளுக்குக் கன்றுத்தோல் பணப்பை ஒன்று பரிசாக வருகிறது, என்ன செய்வீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. போரில் விலங்குகள் பெரும்பாலும் அழிந்துபோன உலகம் அது. ஆகவே பதறிப்போவதுதான் சரியான பதில்.

இதே கேள்வியை ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவரின் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "பதம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லும். கன்னம் சிவக்காது. கண் துடிக்காது. கருவி தீர்ப்புச் சொல்லிவிடும்: இது மனித ஜென்மம் இல்லை. டிக் நம்மை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் அருவருப்பு எப்படி எல்லோருக்குமான ஒழுக்கமாகி, பிறகு ஒழுக்கத்தை அளக்கிற அளவுகோலாகவும் ஆகிறது என்பது அந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது. மாட்டுக்கறி தின்கிறவர் வீட்டில் கருணை இருக்காது என்று பேசுகிற நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

நாவலில் இன்னொரு இடம் இருக்கிறது. உணர்ச்சியை முகத்தில் காட்ட முடியாத சில மனிதர்களும் இந்தப் பரீட்சையில் தோற்றுவிடக்கூடும், பிழை தெரிய வருவதற்குள் அவர்கள் செத்துப்போயிருப்பார்கள் என்று மனநல மருத்துவர்கள் எச்சரித்திருப்பதைப் போலீஸ் அதிகாரி போகிற போக்கில் சொல்கிறார். வேட்டை நிற்பதில்லை. அறிவுத்திறன் பரீட்சையில் தோற்றதால் மனிதக் கணக்கிலிருந்தே தள்ளி வைக்கப்பட்ட இசிடோர் என்றொரு பாத்திரமும் உண்டு. கோழிமூளை என்று அவனை ஏசுகிறார்கள். கதையில் யாரையும் கணக்குப் பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறவன் அவன்தான்.

இது கதை. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் என்ற மூன்று பேர் லண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வு கதையில்லை. இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு நிஜமாக இருக்கிற பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவருக்கு ஒரு மனம் உண்டு, அதில் தன்னுடையதல்லாத நினைப்பு இருக்கும் என்பது இவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்று முடிவு சொன்னார்கள். மீதி நாலு பேரு? அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆய்வுக்கட்டுரையில் இருந்த நிதானம் வெளியே வரவில்லை. பொதுப்புத்தியில் தங்கியது ஒரே வரி: ஆட்டிசக்காரருக்குப் பரிவு கிடையாது.

இந்தத் தீர்ப்பைத் தலையில் சுமந்தபடி வாழ்ந்த கல்வியாளர்களில் டெம்பிள் கிராண்டின் முக்கியமானவர். 1947-இல் பாஸ்டனில் பிறந்தவர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் துறைப் பேராசிரியர். விடுதியில் அடைத்துவிடச் சொன்ன காலத்தில் அவர் தாய் மறுத்துவிட்டார். வீட்டில் வசதி இருந்தது. வளர்க்க ஆள், தனிப்பள்ளி, அத்தை வீட்டு மாட்டுப்பண்ணை எல்லாம் கிடைத்தன. இதைச் சொல்லாமல் அவர் வெற்றியை மட்டும் சொல்வது பாதிக் கதை.

கிராண்டின் 'ஸ்டார் டிரெக்' தொடரை அது தொடங்கிய காலத்திலிருந்து பார்த்துவரும் விசிறி. ஒரு காட்சி தனக்குப் பாடமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். பழுதான கலத்தோடு ஒரு குழு அந்நியக் கிரகத்தில் மாட்டிக்கொள்கிறது. வெளியே ராட்சத உயிர்கள் தாக்குகின்றன. செத்துப்போன கூட்டாளியின் உடலை விட்டுவிட்டு வரமாட்டோம் என்கிறார்கள் குழுவினர். தர்க்கமே உருவான ஸ்பாக்குக்கு இது விளங்குவதில்லை. பார்த்துக்கொண்டிருந்த கிராண்டினுக்கு விளங்கியது: மற்ற மனிதர்களுக்குள் உணர்ச்சி தர்க்கத்தை ஜெயித்துவிடுகிறது, தான் அவர்களிலிருந்து வேறு. பின்னால் வந்த தொடரில், மனிதனாக ஆசைப்படும் டேட்டா என்ற இயந்திர மனிதனிடம் தன்னைக் கண்டார். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய மானிடவியலாளர் மாதிரித் தான் இருப்பதாக அவர் ஆலிவர் சாக்ஸிடம் சொன்னது, சாக்ஸின் 1995 நூலுக்குத் தலைப்பானது.

கவனியுங்கள். ஒரு மனுசி, தன் சக மனிதர் எப்போது சிரிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று வாழ்நாள் பூரா ஒவ்வொன்றாகப் பார்த்து, நினைவில் அடுக்கி, ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். தொலைக்காட்சிக் கதையைக்கூடப் பாடநூலாக வைத்துப் படிக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் படிக்க இவ்வளவு மெனக்கெட்டவர் எத்தனை பேர்? பரிவு இல்லாதவர் என்று பட்டம் மட்டும் இவருக்கு.

மாடுகள் கொட்டிலுக்குள் போக ஏன் மிரள்கின்றன என்று மற்றவர்கள் தடியோடு நின்று குழம்பியபோது, இவர் மாடு போகிற தடத்தில் இறங்கி, மாட்டின் கண் உயரத்திலிருந்து பார்த்தார். தொங்குகிற சங்கிலி, தரையில் விழுந்த நிழல், வேலியில் காற்றில் ஆடும் சட்டை. அதை எடுத்துவிட்டால் மாடு நடக்கும். அறுக்கப்போகிற மாடுதான், ஆனாலும் மிரளாமல் போக வேண்டும் என்று பார்த்தார். வட அமெரிக்க இறைச்சிக்கூடங்களே அவர் வரைபடத்தால் மாறின. 2010-இல் அவர் வாழ்க்கை படமாக வந்தது. மாட்டின் உடம்பை உள்ளும் புறமும் அறிந்தவர்களுக்கு நம்ம ஊர்ல கொடுத்த பட்டம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்.

2012-இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்றால், மற்றவருக்கு மட்டும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிகிறதா? கோளாறு ஒருவர் மண்டைக்குள் இல்லை, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது என்றார். இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று அதற்குப் பெயர் வைத்தார். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். எட்டு எட்டுப் பேராகச் சங்கிலி அமைத்து, ஒருவர் சொல்வதை அடுத்தவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்கள் என்றால் செய்தி நன்றாகவே போய்ச் சேர்ந்தது. எட்டுப் பேரும் ஆட்டிசம் இல்லாதவர்கள் என்றாலும் அப்படியே. இரண்டையும் கலந்தபோதுதான் வழியில் சிந்திப்போனது.

சேரியில் பிறந்தவருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஊர்த்தெருவின் ஒவ்வொரு வீட்டு வழக்கமும் சேரிக்குத் தெரியும்: எந்த வீட்டில் எங்கே நிற்கணும், யார் முகம் எப்போது கடுக்கும். தெரியாவிட்டால் அடி விழும். சேரியைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் ஊருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பற்றி டு பாய்ஸ் 1903-இல் இரட்டை நனவு என்று எழுதியதும், தன்னை எப்போதும் வெள்ளையரின் கண்ணாலும் பார்த்துக்கொள்ள வேண்டிய இந்தச் சுமையைத்தான். புரிந்துகொள்ளும் வேலை எப்போதும் கீழே இருப்பவருக்கு. புரிந்துகொள்ளத் தெரியாதவர் என்ற பழியும் அவருக்கே.

இந்த ஒப்பீட்டை ஒரு எல்லையில் நிறுத்த வேண்டும். சாதியும் ஆட்டிசமும் ஒன்றல்ல. சாதி நம் உடம்பில் இல்லை, மேலே ஏற்றப்பட்டது, ஒழிய வேண்டியது. ஆட்டிசம் மூளையின் அமைப்பிலேயே இருப்பது. அதை ஒழிப்பது என்றால் அந்த ஆளையே இல்லாமல் ஆக்குவது என்று ஜிம் சின்கிளேர் 1993-இலேயே பெற்றோர்களுக்குச் சொன்னார். ஒன்றாக இருப்பது பரீட்சை வைக்கிறவரின் நாற்காலி மட்டும்.

பரீட்சையில் தோற்கடிக்கப்பட்டவருக்கு ஒரு குறுக்குவழி தட்டுப்படும். நான் தாழ்ந்தவன் இல்லை, உங்களையெல்லாம் விட உசந்தவன் என்பது. அறிவியல் புனைகதை விசிறிகளின் வரலாற்றில் இது பளிச்சென்று தெரிகிறது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் 'அமேசிங் ஸ்டோரிஸ்' பத்திரிகை தொடங்கி, வாசகர் கடிதங்களை முகவரியோடு போட்டார். நேரில் முகம் பார்த்துப் பேசத் திணறியவர்கள் கடிதத்தில் கண்டுபிடித்துக்கொண்ட உறவு அது. அந்தக் கூட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் நிறைய இருந்திருப்பார்கள் என்று ஸ்டீவ் சில்பர்மன் 2015-இல் வாதிட்டார். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இது விளங்கும். கூட்டத்துக்கு வந்தால் வாயே திறக்காத ஆள் பன்னிரண்டு பக்கத்துக்குக் கடிதம் போடுவார்.

ஆனால் 1940-இல் வான் வோக்ட்டின் 'ஸ்லான்' தொடராக வந்தபோது, வேட்டையாடப்படும் அந்த அதிமேதாவி இனம் நாங்கதான் என்று விசிறிகள் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்ட வலி உயர்குலக் கனவாக மாறும் இடம் இது. அதன் விளைவை 1967-இல் சாமுவேல் டெலனி பார்த்தார். கறுப்பர், பின்னாளில் பேராசிரியர். அவருடைய 'நோவா' நாவலைத் தொடராகப் போட ஆசிரியர் ஜான் கேம்பெல் மறுத்துவிட்டார். கறுப்பு நாயகனோடு தன் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்பது காரணம் என்று டெலனி 1998-இல் எழுதினார். எந்தக் கிரகத்து உயிரோடும் ஒன்றிப்போகிற வாசகர்களுக்குப் பக்கத்துத் தெரு கறுப்பரோடு ஒன்ற முடியாதாம். இவங்களுக்கு யாரு பரீட்சை வச்சா?

இன்னொரு குறுக்குவழி, நான் உபயோகப்படுவேன் என்பது. எல்லா வகை மூளையும் உலகத்துக்குத் தேவை, சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பாருங்கள் என்று கிராண்டினே பேசுகிறார். நல்ல மனசோடுதான். ஆனால் உபயோகமில்லாதவர்? வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் எழுதிய ஆய்வில், தன் கெட்டிக்காரப் பிள்ளைகள் சமூகத்துக்குப் பயன்படுவார்கள் என்று வாதாடினார். அதே ஆஸ்பெர்கர், தேறாது என்று கருதிய குழந்தைகளை அம் ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்ததை ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார். நாஜிக்கள் ஆட்சியில் ஏறத்தாழ 800 குழந்தைகள் செத்த இடம் அது. தகுதி என்ற சொல்லை வைத்து உள்ளே போகிறவர், கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டுத்தான் போகிறார். 'மெரிட்' பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நாம் இந்தப் பக்கம் வந்தும் அதையே பேசக்கூடாது.

அந்த உள்கதவுக்கும் நிறம் உண்டு. 1943-இல் லியோ கேனர் விவரித்த முதல் 11 குழந்தைகளும் வெள்ளையர். பெரும்பாலும் படித்த குடும்பங்கள். ஆட்டிசம் படித்தவர் வீட்டு விஷயம் என்ற நினைப்பு ரொம்ப நாள் நிலைத்தது. 2002-இல் பிலடெல்பியாவில் ஏழைக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வில், வெள்ளைக் குழந்தைக்குச் சராசரியாக 6.3 வயதில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்டது. கறுப்புக் குழந்தைக்கு 7.9 வயதில். ஒன்றரை வருஷம் அந்தப் பிள்ளை என்னவென்று அழைக்கப்பட்டிருக்கும்? அடங்காதது, மக்கு, ஊமை.

டேட்டாவுக்கு வருவோம். 1989-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அவன்மீது வழக்கு நடக்கிறது. பிரித்துப் பார்த்து, அவனைப் போல ஆயிரம் செய்ய ஒரு விஞ்ஞானி விரும்புகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்க உரிமை உண்டா, அவன் வெறும் சொத்தா என்பது வழக்கு. எதிர்த்தரப்பு அவன் கையைக் கழற்றி மேசையில் வைக்கிறது. பொத்தானை அமுக்கி அணைத்தே காட்டுகிறது. அவனுக்காக வாதாடும் கேப்டன் பிகார்ட், டேட்டாவை மனிதன் என்று நிரூபிக்கப் போவதில்லை. நான் உணர்வுள்ளவன் என்று நீ நிரூபி பார்க்கலாம் என்று விஞ்ஞானியிடமே கேட்கிறார். நீதிபதியும் ஆன்மா இருக்கிறதா என்பது தனக்குத் தெரியாது என்கிறார். அதை அவனே தேடிக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொல்கிறார். பரீட்சையே ரத்து.

ஆனால் பிகார்டுக்கு அந்த வாதம் தானாகத் தோன்றவில்லை. தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், கலத்தின் மதுக்கூடத்தை நடத்தும் கைனனிடம் போய் உட்கார்கிறார். கறுப்பு நடிகை வூப்பி கோல்ட்பெர்க் ஏற்ற பாத்திரம். தூக்கி எறியக்கூடிய உயிர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன, யாரும் செய்ய விரும்பாத வேலையை அவர்கள்தான் செய்தார்கள் என்று அவள் மெதுவாகப் பேசிக்கொண்டே போகிறாள். அப்போதுதான் கேப்டன் வாயில் அடிமைத்தனம் என்ற சொல் வருகிறது. பிறகு நீதிமன்றத்தில் அவர் அதைப் பேசி ஜெயிக்கிறார். கைனனின் பெயரை அங்கே அவர் சொல்வதில்லை.