விடுகிற கை

தூண்டிற்கோலுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்குவதா, பெய்ட்காஸ்ட்டிங் ரீல் வாங்குவதா என்று என் தமக்கை மகன் சென்ற மாதம் எழுதிக் கேட்டிருந்தான். இலேசான இரையை வீசுவதானால் முன்னது, கனத்த இரையும் உரத்த தூண்டில் நரம்பும் வேண்டுமானால், செடிகொடிகளுக்கிடையே ஒரு சாண் இடத்தைக் குறிவைத்து எறிய வேண்டுமானால், பின்னது என்று நான்கு வரியில் பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆனால் கடிதம் போன பிறகும் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தூண்டிற்கோலைத் தோளுக்குப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசுகிறவன், அந்த வீச்சின் உச்சத்தில் நரம்பை எந்தக் கணத்தில், எவ்வாறு, எவ்வளவு விடுகிறான் என்பதில்தான் இவ்வித்தையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இரண்டு ரீல்களும் விடுவதற்கு ஏற்பட்ட இரண்டு மார்க்கங்கள். மோக்ஷத்துக்கு 'வீடு' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. 'கெடு' என்பது நீண்டு 'கேடு' ஆனதுபோல, 'விடு' என்பதே நீண்டு அந்தச் சொல்லாயிற்று. அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவனுக்கு, எப்படி விடுவது என்ற பிரச்னை ஒரு கடை வாசலில் எழுந்தாலும் அற்பமாகத் தோன்றுவதில்லை.

பெய்ட்காஸ்ட்டிங் ரீல் கோலின் மேலே அமர்ந்திருப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற பெயருடைய சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளி, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு சுற்றிய உருளை பல சுற்றுச் சுழலும்படி பற்சக்கரங்களை இணைத்துச் செய்த கருவியே இதற்கு மூதாதை. 1952இல் 'அம்பாசடர்' என்னும் புகழ்பெற்ற ரீலை வெளியிட்ட ஸ்வீடன் தேசத்து ஆபு நிறுவனமும், 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகவே பிறந்தது. கணத்துக்குக் கணம் கவனத்தைக் கோருகிற இந்த யந்திரம் கடிகாரக்காரர்களின் கைகளில் உருவானது எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. ஏனெனில், வீசும்போது இதில் உருளையே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது. பறந்து செல்லும் இரை காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே வர, உருளையோ தான் பெற்ற வேகத்தை விடாமல் சுழல்கிறது. வெளியே போக வழியில்லாத நரம்பு உருளையின்மேலேயே புரண்டு எழுந்து, ஒரு குருவிக்கூடுபோல் சிக்கிக்கொள்கிறது. இதைத் தடுப்பதற்குக் காந்தத்தாலும் வேறு உபாயங்களாலும் தடைகள் அமைத்திருக்கிறார்கள். ஆயினும் கடைசிப் பொறுப்பு கட்டைவிரலுடையதே. அழுத்தினால் இரை பாதி வழியில் விழும், எடுத்தால் சிக்கு. தொட்டும் தொடாமலும், நரம்பு ஓடுகிற அந்தச் சிறு சூடு தோலில் படும் அளவுக்கு மட்டும், விரல் அங்கே காவல் இருக்கவேண்டும்.

நான் முதல்முறை இதை வீசியது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், ஒரு தை மாதத்துக் காலையில். இரை எங்கே விழுகிறதென்று பார்க்கும் ஆவலில் கண் நீர்மேல் போயிற்று. கண்ணோடு மனமும் போயிற்று. மனத்தோடு விரலும் எழுந்துவிட்டது. கணப்பொழுதில் கைக்குள்ளே எழுந்த அந்தச் சிக்கை அவிழ்க்க, பாறையொன்றின்மேல் உட்கார்ந்து, ஊசி நுனியால் ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கி, எது எதன் அடியில் நுழைந்திருக்கிறதென்று தேடித் தேடி, வெயில் ஏறும்வரையில் இருந்தேன். சிக்கு அவிழ்ந்த பிறகும் நரம்பில் ஆங்காங்கே வெள்ளையாக ஒடிவுத் தழும்புகள் இருந்தன. பலனை நோக்கிப் போன மனம் செயலைக் கைவிட்டதன் விளைவு இவ்வளவு துரிதமாகவும் இவ்வளவு கண்கூடாகவும் எனக்கு வேறெந்தக் காரியத்திலும் கிடைத்ததில்லை.

ஸ்பின்னிங் ரீல் வேறு குலத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன பிராட்போர்டு நகரத்து ஆலைமுதலாளியான இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அசையாமல் நிற்கும் கண்டின் நுனி வழியாக நூல் சுருள் சுருளாகக் கழன்று வருவதை அன்றாடம் பார்த்தவர் அவர். கோலின் கீழே தொங்கும் இந்த ரீலில், வீசும்போது உருளை அசைவதில்லை. வீசுமுன் கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பைச் சுட்டுவிரலில் ஒரு கணம் மாட்டி, வீசும்போது விரலை எடுத்துவிட்டால் போதும். உருளையின் விளிம்பைக் கடந்து நரம்பு தானே அவிழ்கிறது, இரையின் வேகம் ஓய்ந்ததும் தானே நிற்கிறது. ஒரு பையன் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வான்.

இவ்விரண்டு மார்க்கங்களும் எனக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டின. ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் உள்ளனவாகச் சொல்லப்படும் பதினெட்டுப் பேதங்களுள், சாமானிய ஜனங்களும் அறிந்திருப்பது மர்க்கட நியாயமும் மார்ஜார நியாயமும். தாய் தாவும்போது குரங்குக்குட்டி தன் கைகளால் அவள் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். பூனைக்குட்டியையோ தாயே வாயால் கவ்வி எடுத்துப்போகிறாள். ஜீவனுடைய பங்காக ஒரு சிறு பிரயத்தனமாவது வேண்டுமென்பது வடகலைக் கட்சி. ரக்ஷிப்பது பகவானுடைய தொழில், நம் முயற்சி அதற்கு இடையூறே என்பது தென்கலைக் கட்சி. மேட்டூர்க் கரையில் உட்கார்ந்திருந்த நான், கட்டைவிரல் ரீலைக் குரங்குக்குட்டிக்கும், மற்றதைப் பூனைக்குட்டிக்கும் ஒப்பிட்டு, விழிப்போடு பற்றுகிறவனுக்கே விடுதலின் அருமை தெரியும், தானே ஓடித் தானே நிற்கிற யந்திரம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பு பல வருஷம் என்னோடு இருந்தது. அது பாதியே சரியென்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. தூண்டிலின் நுனியில் இருப்பது ஓர் உயிர். அதன் வாயில் முள் தைத்திருக்கும்போது கரையில் நிற்பவன் தத்துவம் பேசலாமா என்ற கேள்விக்கு என்னிடம் நிறைவான விடை இல்லை. அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நான் அதிபத்தரை நினைத்துக்கொள்கிறேன். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான அவர், நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் பிறந்து, தம் வலையில் அகப்படும் மீன்களில் தலைமீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்தவர். நாளொன்றுக்கு ஒரே மீன் அகப்பட்டு வீடு பட்டினி கிடந்த காலத்திலும் அந்த ஒன்றையும் விட்டவர். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒளிவிட்ட மீன் ஒன்று வந்தபோதும் கை நடுங்காமல் அதையும் விட்டவர். பக்தியின் சிகரத்தைப் பெரியபுராணம் ஒரு மீன்பிடிகாரனின் விடுகிற கையில் காட்டுகிறதென்பது, என் குற்றத்தைப் போக்காவிட்டாலும், நான் எந்தத் திசையில் பார்க்கவேண்டுமென்பதைச் சொல்லுகிறது.

என் தீர்ப்பைக் கலைத்தது ஸ்பின்னிங் ரீலின் ஒரு நோய். கட்டைவிரல் ரீலின் குற்றம் அந்தக் கணத்திலேயே குருவிக்கூடாக எழுந்து நிற்பது. இதனுடைய குற்றமோ கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது. ஒரு நாள் முழுதும் நன்றாக வேலை செய்த நரம்பு, மறுநாட் காலையில் முதல் வீச்சிலேயே தளர்ந்து, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, பாம்புக்குட்டிபோல் முறுக்கி எழுந்தது. நான் அந்தக் காலையில் ஒரு பிழையும் செய்யவில்லை. மீன்வளத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் நண்பர் நரம்பைக் கையில் வாங்கி, இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "நேற்று அந்த வாளைமீன் ஓடினபோது சுற்றிக்கொண்டே இருந்தீர்களல்லவா? நீங்கள் சுற்றியதில் ஒன்றும் மீனிடம் போகவில்லை, ஐயா, அவ்வளவும் இதற்குள்ளேதான் இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியது இது. பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறாதிருப்பதற்காக, ரீலில் 'டிராக்' என்னும் திருகொன்று உண்டு. ஓரளவுக்கு மேற்பட்ட இழுப்பு வந்தால் உருளை வழுக்கி நரம்பைக் கொடுத்துவிடும். அந்த வேளையில் கைப்பிடியைச் சுற்றுகிறவனுக்கு ஒரு விரற்கடை நரம்பும் திரும்ப வராது. ஆனால் கம்பி வளையம் உருளையைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு முறுக்கு நரம்பில் ஏறும். ஐந்துக்கு ஒன்று என்ற பல்விகிதமுள்ள ரீலில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. உருளையே சுழலுகிற மற்ற ரீலில், இப்படி வீணாகச் சுற்றினாலும், முறுக்கு ஏறுவதில்லை.

ஸஞ்சித கர்மம், அதாவது சேர்ந்துகிடக்கும் வினை, என்று நம் பெரியோர் சொல்லியதை நான் புஸ்தகங்களில் படித்திருக்கிறேன். விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தது அன்றுதான். வருந்திச் செய்த பிரயத்தனம், மீனை ஓர் அங்குலமும் நகர்த்தாதது, எங்கும் கரைந்துபோகாமல் என் நரம்புக்குள்ளேயே முறுக்காகத் தங்கி, நான் நிரபராதியாக நின்ற ஒரு காலையில் வெளிப்பட்டது. அப்போதுதான் தென்கலைச் சம்பிரதாயத்தில் பேசப்படும் 'விலக்காமை', ரக்ஷிக்க வருபவனைத் தடுக்காதிருத்தல், என்னும் சொல் எனக்குப் புரியத் தொடங்கிற்று. பூனைக்குட்டிக்கு ஒரு கடமையும் இல்லையென்று நினைத்திருந்தேன். தாய் கவ்விக்கொண்டு போகும்போது திமிறாமல் இருப்பது என்னும் கடமை அதற்கும் உண்டு, அது சுலபமானதன்று. ஸ்பின்னிங் ரீல் மனிதனைச் சோம்பேறியாக்குகிறது என்று நான் எழுதிய தீர்ப்பு, வீசுகிற நேரத்தை மட்டும் பார்த்து எழுதியது. மீன் ஓடுகிற நேரத்தில், சும்மா இருக்க வேண்டிய கை சும்மா இருக்கிறதா என்பதை அது பரீக்ஷிக்கிறது. கட்டைவிரலின் விழிப்பைவிட இது கடினமென்றே என் அனுபவம் சொல்லுகிறது.

சும்மா இருக்கிற கைக்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1946இல் காவிரியின் துணைநதியான கபினியில், மைசூரில் விலங்குகளைப் பாடம்செய்யும் தொழிலில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 120 பவுண்டு எடையுள்ள மஹசீரைத் தூண்டிலால் பிடித்தார். அத்தனை பெரிய மீன் வெள்ளத்தோடு சேர்ந்து ஓடும்போது அதைக் கையின் பலத்தால் நிறுத்திவைக்கிற நரம்பு ஏது? கொடுத்துக் கொடுத்தே அதைக் கரைசேர்த்திருக்க வேண்டும்.

சென்ற வாரம் மாலையில், அதே மேட்டூர்க் கரையில், பொழுது சாயும் வேளையில் ஒரு வாளை இரையைக் கவ்விற்று. ரீல் கிர்ரென்று கத்திக்கொண்டு நரம்பைக் கொடுத்தது. என் வலக்கை வழக்கப்படி கைப்பிடியை நோக்கிப் போயிற்று. போனது, அதைப் பற்றியது, பற்றியபடியே அசையாமல் நின்றது. உள்ளங்கை வியர்த்தது. உருளையில் நரம்பு மெலிந்துகொண்டே வந்து, அடியிலுள்ள உலோகம் ஓரிடத்தில் பளிச்சிட்டது. நண்பர் பக்கத்தில் நின்றார், ஒன்றும் பேசவில்லை. கத்தல் சற்றே தணிந்து, நின்று, கோல் மெல்ல நிமிர்ந்தபோது, அப்போது மட்டும், ஒரு சுற்றுச் சுற்றினேன்.