சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் தூக்கமே போய்விடும். தப்பு எங்கே என்று புரியாத அந்தத் தொகையைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் எழுதி வைப்போம்.

மனநல மருத்துவத்திலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் எஃப்30 முதல் எஃப்39 வரை மனநிலைக் கோளாறுகள். கடைசியில் நிற்கும் எஃப்39, 'வகை குறிப்பிடப்படாத மனநிலைக் கோளாறு'. வேறெதிலும் அடங்காதபோது மட்டும் பயன்படுத்த வேண்டிய கோட் நம்பர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் இந்த வகையை விட்டுவிட்டது. 2022-ல் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

'பேர்கூடத் தெரியாத வியாதியா டாக்டர்?' என்று கோபம் வருகிறதா? கொஞ்சம் யோசியுங்கள். உற்சாகமும் சோர்வுமாக மாறி மாறி ஆட்டும் இருதுருவக் கோளாறு உள்ள பலர், முதலில் டாக்டரிடம் போவது சோர்ந்து கிடக்கும்போதுதான். அன்றைக்கே 'மனச்சோர்வு' என்று முத்திரை குத்தி, அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலரை அது எதிர்முனைக்குத் தூக்கிப் போட்டுவிடும். அங்கே 'இன்னும் தெரியலை' என்று எழுதுவது நேர்மை.

ஆனால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை மூடாமல் இழுத்துக்கொண்டே போனால் ஆடிட்டர் விடமாட்டார். அடுத்தடுத்த விசிட்டிலும் எதுவும் கேட்காமல் அதே எஃப்39-ஐ காப்பியடித்தால், அது பொய்க்கணக்கு.

டாக்டரை விடுங்கள். 'அவன் ஒரு மாதிரி', 'அவளுக்கு மூடு சரியில்லை' என்று வீட்டில் நாமும் எழுதி வைக்கிறோமே... தெரியாதது தப்பில்லை. மறுபடி பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டோமா?