அணையா விளக்கும் இரு எரிபொருள் ஜெனரேட்டரும்

மின்சாரம் தடைப்படும் நேரத்தில் ஒரு வீட்டில் எது அணையாமல் இருக்க வேண்டும், அதன் பாரத்தை யார் சுமக்க வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால் பண வசதியையும் இயந்திர அறிவையும் சார்ந்த கேள்வியாகவே தோன்றும். ஆயினும், விளக்கை அணையாமல் காப்பதையே ஓர் அறமாகக் கொண்டு, அதற்கென ஆடுகளையும் நிலங்களையும் கல்லில் எழுதிவைத்த தமிழ்நாட்டில் இக்கேள்விக்குச் சமயத்தின் பக்கமிருந்தும் நெடுங்காலமாக விடைகள் இருந்து வருகின்றன. பெட்ரோலிலும் சமையல் எரிவாயுவிலும் மாற்றி மாற்றி ஓட்டத்தக்க, இருவர் தூக்கி இடம் மாற்றக்கூடிய சிறு ஜெனரேட்டர்கள் நடுத்தரக் குடும்பங்களின் விருப்பப் பட்டியலுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், அவ்விடைகளை மீண்டும் எடுத்துப் பார்ப்பது பயனற்ற வேலையாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் அண்மையிலுள்ள வன்னியம்பட்டி போன்ற ஊர்கள் இதற்குத் தக்க களமாகும். ஒரு பக்கம் நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும் மின்சாரத்தை நம்பி இயங்குகின்றன. மறுபக்கம் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊரின் கோபுரம் தெரிகிறது. 2008-க்குப் பின் தமிழகத்தைப் பிடித்த மின்பற்றாக்குறை 2012-இல் உச்சத்தைத் தொட்டபோது, சென்னைக்கு வெளியே அரைநாளுக்கும் மேலாகக் கரண்ட் இல்லாத நிலை பல மாவட்டங்களில் இருந்தது. ஆலைகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டின, வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின, அதுவும் இயலாதவர்கள் திண்ணைக்கு வந்தார்கள். அந்த நிலை இன்று இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம், ஆனி ஆடிக் காற்றில் கம்பிமேல் விழும் தென்னை மட்டை, ஐப்பசி கார்த்திகை மழையின் இடி ஆகியவையே இப்போது எஞ்சியிருக்கும் தடைகள். இவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தீர்பவை. ஆனால் 2018 நவம்பர் 16-இல் கரையேறிய கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன என்பதும், அங்கே மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கே வாடகை ஜெனரேட்டர்கள் தேவைப்பட்டன என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. எப்போதோ வரும் பெருந்தடைக்காக வாங்கப்படும் பொருள், அடிக்கடி வரும் சிறு தடையில்தான் பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இரு எரிபொருள் ஜெனரேட்டர் என்பது ஒரே இயந்திரத்தில் இரு வாயில்களை உடையது. பெட்ரோல் தொட்டியிலிருந்து வரும் திரவம் கார்புரேட்டரில், அதாவது எரிபொருளையும் காற்றையும் கலக்கும் உறுப்பில், ஆவியாகிக் காற்றோடு சேர்கிறது. எரிவாயு உருளையிலிருந்து வருவதோ ரெகுலேட்டர் வழியே அழுத்தம் குறைந்து ஆவியாகவே வந்து அதே காற்றோடு கலக்கிறது. கலவை எதுவாயினும் அதைப் பற்றவைப்பது ஒரே பிளக்கின் பொறி. எரிவாயுவில் ஓடும்போது இயந்திரத்தின் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அதற்கு ஈடாக, மாதக்கணக்கில் வைத்தாலும் எரிவாயு கெடுவதில்லை, எத்தனால் கலந்த பெட்ரோலோ தொட்டியில் கிடந்து கெட்டு கார்புரேட்டரையும் அடைத்துவிடும். தமிழருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு இயந்திரங்கள் இங்கே கல்யாண வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் புகை கக்கியிருக்கின்றன. 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து மக்கள், சில துளி பெட்ரோலில் கிளப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், இரவில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

எரிபொருள் மாறும்போது நெருப்பும் மாறுகிறதா என்பது தத்துவ நூல்கள் முன்பே எழுப்பிய வினா. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா என்று மிலிந்தன் என்ற அரசனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் இடையே நடந்த உரையாடலில் வரும் விளக்கம், அது அதுவேயும் அன்று, முற்றிலும் வேறும் அன்று என்பதாகும். தொடர்ச்சி உண்டு, தொடரும் பொருள் இல்லை என்பது பௌத்தத்தின் துணிபு. கடோபநிடதமோ, நெருப்பு ஒன்றே என்றும், அது புகுந்த பொருளுக்கேற்ப வடிவம் கொள்கிறது என்றும் கொண்டு, அனைத்துயிர்க்குள்ளும் உறையும் ஒன்றைச் சுட்டுவதற்கு அதை உவமையாக்குகிறது. இவ்விரண்டில் எது சரி என்று ஜெனரேட்டரைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகும். எனினும் வாங்குபவரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதைக் கொண்டு அறியலாம்: வாயில் இரண்டு இருந்தால் சுடர் ஒருபோதும் அணையாது என்ற நம்பிக்கையையே அவர் விலை கொடுத்து வாங்குகிறார். 2022-இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, பெட்ரோலுக்கும் வரிசை, எரிவாயு உருளைக்கும் வரிசை என்றாகி, அந்த நம்பிக்கையின் எல்லை வெளிப்பட்டது. இரு எரிபொருளும் ஒரே கப்பலை நம்பியிருக்குமானால் அவை இரண்டல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவ மரபிலேயே இருளும் இரு விளக்குகளும் கூடிய ஒரு வரலாறு உண்டு. பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் மழை பெய்த ஓரிரவில் ஓர் இடைகழியில், அதாவது வீட்டின் வாயிலை ஒட்டிய குறுகிய நடையில், ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அங்கு இடம் இருந்தது. கண் தெரியாத இருட்டில் நான்காமவர் ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தபோது, பொய்கையார் உலகத்தையும் கடலையும் கதிரவனையும் கொண்டு ஒரு விளக்கேற்றினார். பூதத்தார் அன்பையும் ஆர்வத்தையும் சிந்தையையும் கொண்டு மற்றொன்று ஏற்றினார். அவ்விரு ஒளியில் பேயார் திருமாலைக் கண்டார். நூறு நூறு பாடல்களாக அமைந்த மூன்று திருவந்தாதிகளும் இதிலிருந்து பிறந்தன என்பது மரபு. ஒருவரின் எரிபொருள் புறத்தே உள்ளது, மற்றவரின் எரிபொருள் அகத்தே உள்ளது. ஆனால் இவ்வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு செய்தி, விளக்கு தேவைப்பட்டதற்கான காரணம். தமக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவர்கள் ஏற்றவில்லை. பக்கத்தில் நின்று நெருக்குபவர் யார் என்று அறியவே ஏற்றினார்கள்.

பக்கத்தில் நிற்பவரைக் கோயில் விளக்குகளின் நடைமுறையிலும் காணலாம். இரவும் பகலும் எரியும் நந்தா விளக்குக்காகச் சோழர் காலத்தில் விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. ஆடு சாகாது, மூப்படையாது என்பதன் பொருள், இறந்ததற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்கும் கடமை அதைப் பெற்ற இடையர்க்கு உண்டு என்பதே. 1010-இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ தரப்பட்டமை பதிவாகியுள்ளது. நெய் எந்த விலங்கிலிருந்து வந்தாலும் அளவு மாறலாகாது என்னும் இந்தக் கணக்கு, இன்றைய இரு எரிபொருள் ஏற்பாட்டைக் காட்டிலும் ஒரு படி முன்னே நிற்கிறது. ஏனெனில் அங்கே மாற்றுவழி பொருளில் மட்டும் அமையவில்லை, கொடுத்தவர், பெற்றவர், கோயில் என்ற மூவரிடையே நின்ற உடன்படிக்கையில் அமைந்தது. விளக்கு அணையாமல் எரிந்தது மனிதர் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டிருந்ததால். கடையில் பில் போட்டுத் தூக்கி வரும் ஜெனரேட்டரில் இல்லாதது இந்தக் கடமைதான்.

விசிஷ்டாத்வைத ஆசாரியரான இராமாநுசர், ஆன்மாவுக்கும் அதன் அறிவுக்கும் உள்ள உறவை விளக்குக்கும் அதன் பிரபைக்கும் உள்ள உறவாக விளக்குகிறார். பிரபை என்பது சுடரிலிருந்து பரந்து செல்லும் ஒளி, அது சுடரை விட்டுப் பிரியாதது, ஆனால் சுடரின் இடத்திற்குள் அடங்காதது. இவ்விளக்கத்தை வீட்டு ஜெனரேட்டருக்குப் பொருத்தினால், வெளிச்சம் சன்னலோடு நின்றுவிட, பரந்து செல்வது ஓசையும் புகையுமாக இருப்பதைக் காண நேரும். இரவில் குடியிருப்புப் பகுதியின் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் அமைந்த தெருவில் பெட்ரோல் இயந்திரம் எதுவும் இவ்வரம்புக்குள் ஓடுவது அரிது. ஆண்டாள் மார்கழியில் அண்டை வீட்டுத் தோழியரை எழுப்பினாள் என்பது உண்மை. அவள் எழுப்பியது தன்னோடு அழைத்துச் செல்வதற்காக. கதவைச் சாத்திக்கொண்ட வீட்டின் இயந்திரத்திற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

புகையின் செய்தி இதைவிடக் கொடியது. பெட்ரோல் எரிந்தாலும் எரிவாயு எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு பிறக்கிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவதால், மூச்சு விடுபவர் மூச்சுத் திணறலை உணராமலேயே மயங்கி இறக்கிறார். எரிவாயு சுத்தமான எரிபொருள் என்ற நினைப்பில் ஜெனரேட்டரை அடுக்களைப் பக்கமோ, மாடிப்படிக்கு அடியிலோ, ஷட்டர் பாதி இறக்கிய கார் ஷெட்டிலோ வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். திறந்த வெளியில், சன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி வைக்க இடமில்லாத மனைக்கு இப்பொருள் உரியதன்று. அந்த இருபது அடி பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்தும் அளக்கப்பட வேண்டும்; அறத்தின் அளவுகோல் இங்கே வெறும் நாடாதான்.

எரிவாயு வாயிலில் இன்னொரு கேள்வியும் நிற்கிறது. 14.2 கிலோ சிவப்பு உருளை குடும்பத்தின் சமையலுக்கென்று தரப்படுவது. வேறு பயன்களுக்கு 19 கிலோ வணிக உருளை இருக்கிறது. ரேஷன் மண்ணெண்ணெய் ஒருகாலத்தில் ஏழையின் அடுப்பிலிருந்து இயந்திரங்களுக்குத் திருப்பப்பட்டதைக் கண்ட நாட்டில், அடுப்புக்கு வந்த வாயுவை இயந்திரத்தில் எரிப்பதைச் சிறு பிழை என்று தள்ளுவதற்கில்லை. உலகநடை அறிந்து பிறர்க்கு உதவி வாழ்வதைப் பேசத் திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். தனக்கென்று வந்த சலுகையைத் தன் வசதிக்காக வளைப்பவர் அந்த அதிகாரத்தின் வாயிலையும் எட்டாதவர்.

எனவே கேள்வி மறுபடி தொடங்கிய இடத்திற்கே வருகிறது: எது அணையலாகாது? வடலூரில் வள்ளலார் 1867 மே 23-இல் தரும சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அவர் தொடர்ந்து எரியத் தேர்ந்தது பசித்தவரின் சோற்றுக்கான நெருப்பு. வீட்டுக் கணக்கும் இவ்வாறே வரிசைப்படுத்தப்பட வேண்டியது. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் கேட்கும், இன்சுலின் வைத்த குளிர்பதனப் பெட்டி கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும், அதன் பிறகே மின்சாரம் வேண்டும், எல்.இ.டி. பல்புகளும் இரண்டு மின்விசிறிகளும் சேர்ந்து 200 வாட்டைத் தாண்டாது. இவ்வளவுக்கும் ஒலியற்ற இன்வெர்ட்டரே சில மணி நேரத்திற்குப் போதும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் அளவே இழுத்தாலும் கிளம்பும் நொடியில் அதன் பல மடங்கு கேட்பதால், தண்ணீர் ஏற்றுவதே நோக்கமானால் 3 கே.வி.ஏ. இயந்திரம் தேவைப்படும்; அதையும் எரிவாயுவில் குறையும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தே கணக்கிட வேண்டும். ஏ.சி.க்காக இதைவிடப் பெரிய இயந்திரம் வாங்குவது பணத்தின் பெருமை மட்டுமே. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் தருவதால், ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவே ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. கஜா போன்ற நாளில் அந்த 3 கே.வி.ஏ. இயந்திரத்தைத் தெருவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் கொடுக்க இசைபவர், நந்தா விளக்குக்கு ஆடு விட்டவரின் வரிசையில் ஒருவாறு சேர்கிறார். நான்கு வீடுகள் கூடி ஒன்றை வாங்குவது அதனினும் பொருத்தமானது.

இறுதியாக, மின்கம்பத்தில் ஏறியிருக்கும் பணியாளர் இருக்கிறார். வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் மெயினிலிருந்து பிரிக்கப்படாமல் பிளக் வழியே செலுத்தப்பட்டால், அது தெருக் கம்பிக்குத் திரும்பி, மின்மாற்றியில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகக்கூடும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கைவைத்தவர் அதில் மாண்டுபோவார். இதைத் தடுப்பது, மின்வாரிய வரத்தையும் ஜெனரேட்டர் வரத்தையும் ஒரே நேரத்தில் இணைய விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஆகவே ஜெனரேட்டருக்குப் பணம் எடுத்துவைத்த வீட்டார், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அந்தச் சுவிட்சையும் எர்த்தையும் முதலில் பொருத்திக்கொள்ள வேண்டும். பெட்ரோலா எரிவாயுவா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.